நாற்பது அடிப் பெட்டியில் ஏன் இரண்டு மடங்கு சீமெந்து ஏறாது?

நாற்பது அடிக் கொள்கலன் இருபது அடியின் இரட்டிப்பு, ஆகவே சாமானும் இரட்டிப்பாக ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெத்தை ஏற்றினால் அப்படித்தான் நடக்கும். சீமெந்து ஏற்றினால் இரட்டிப்பை விடுங்கள், இருபது அடியில் ஏறியதை விட முப்பது மூட்டை குறைவாகத்தான் ஏறும்.

கொள்கலன் பற்றிய செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி இங்கே இருந்துதான் தொடங்குகிறது. 2025 ஜனவரியில் கொழும்பில் 323 கொள்கலன்கள் நேரடிப் பரிசோதனை இல்லாமல் விடுவிக்கப்பட்டன என்ற சர்ச்சை வந்தபோது, அந்த 323 எவ்வளவு சாமான் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற பெட்டிக் கப்பல் எரிந்தபோதும் இதே கதைதான். கப்பல் சுமார் 2,700 டிஇயூ (இருபது அடிக்குச் சமமான இடம், விளக்கம் கீழே) கொள்ளளவு என்று ஒரு வரியும், 1,486 கொள்கலன்கள் இருந்தன என்று அடுத்த வரியும் வந்தன, அப்போ பாதிக் கப்பல் காலியா என்று கேட்டவர்கள் உண்டு. திருகோணமலையில் இதற்கு மேல் இன்னொரு கேள்வி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்: இவ்வளவு ஆழமான துறைமுகத்தை வைத்துக்கொண்டு நமக்கு ஏன் பெட்டிக் கப்பல் வருவதில்லை? மூன்றுக்கும் பதில் பெட்டியின் அளவில் இருந்தே வருகிறது, ஆகவே அங்கே இருந்து தொடங்குவோம்.

அடிக்கணக்கு

கடலில் ஓடும் பெட்டிகளில் நீங்கள் பெரும்பாலும் காண்பது நான்கு அளவுதான். அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, வெளிப்புறம் 2.438 மீற்றர், அதாவது 8 அடி. மாறுவது நீளமும் உயரமும்.

1. இருபது அடி: வெளி நீளம் 6.058 மீற்றர், உயரம் 2.591 மீற்றர் (8 அடி 6 அங்குலம்). உள்ளே கிட்டத்தட்ட 33 கன மீற்றர். வெறும் பெட்டியின் எடை 2,200 முதல் 2,300 கிலோ.
2. நாற்பது அடி: வெளி நீளம் 12.192 மீற்றர், உயரம் அதே. உள்ளே 67 கன மீற்றர் அளவில். வெறும் எடை 3,700 முதல் 3,800 கிலோ.
3. நாற்பது அடி ஹைகியூப்: நீளம் அதே, உயரம் மட்டும் ஓர் அடி கூட, 2.896 மீற்றர். உள்ளே 76 கன மீற்றர். மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கும், தூரத்தில் இருந்தே அடையாளம் தெரியும்.
4. நாற்பத்தைந்து அடி ஹைகியூப்: நீளம் 13.716 மீற்றர், உள்ளே 86 கன மீற்றர் வரை. நம் வீதிகளில் அபூர்வம்.

இருபது அடி என்று சொல்கிறோமே தவிர அது முழு இருபது அடி இல்லை. சரியாக 19 அடி பத்தரை அங்குலம். காரணம் எளிது: ஒரு நாற்பது அடி இருக்கும் இடத்தில் இரண்டு இருபது அடிகளை வரிசையாக வைக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மூலைப் பூட்டு போடக் கொஞ்சம் இடம் வேண்டும். இரண்டு இருபதைக் கூட்டினால் 12.116 மீற்றர், நாற்பது 12.192 மீற்றர், மிச்சம் 76 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம். உலகத்தின் சரக்குப் போக்குவரத்து முழுக்க இந்த மூன்று அங்குலத்தை மதித்துத்தான் நடக்கிறது.

இந்த அளவுகள் வானத்தில் இருந்து வந்தவை இல்லை. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவர் பெட்டி 35 அடி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மாட்சன் என்ற கப்பல் கம்பனி 24 அடி வைத்திருந்தது. ஆளுக்கொரு அளவாக இருந்தால் ஒருவர் பெட்டியை மற்றவர் கிரேன் தூக்க முடியாது, ஒருவர் கப்பலில் மற்றவர் பெட்டி இருக்காது. பல வருட இழுபறிக்குப் பிறகு 1968இல் சர்வதேசத் தர அளவு வந்தது. பெட்டியை விட முக்கியமானது மூலையில் இருக்கும் ஓட்டை போட்ட இரும்புக் குமிழ்தான் என்பேன். கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்த மூலைவார்ப்பும் அதற்குள் திருகிப் பூட்டும் டுவிஸ்ட்லொக்கும் இல்லை என்றால் இந்தப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குக்கு வைக்கவே முடியாது.

முதலில் நிறைவது இடமா, எடையா?

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று இடம், மற்றது எடை. எது முதலில் தீர்கிறதோ அங்கே ஏற்றுவது நிற்கும்.

இனி சீமெந்துக் கணக்கைப் பார்ப்போம். பல பெட்டிகளின் கதவில் மொத்த எடை எல்லை 30,480 கிலோ என்று எழுதியிருக்கும். இருபது அடிக்கும் அதே 30,480, நாற்பது அடிக்கும் அதே 30,480. பெட்டி நீளுகிறது, எல்லை நீளவில்லை.

1. இருபது அடி: 30,480இல் பெட்டியின் எடை 2,230ஐக் கழித்தால் 28,250 கிலோ. 50 கிலோ மூட்டையில் 565 மூட்டை.
2. நாற்பது அடி: 30,480இல் 3,750ஐக் கழித்தால் 26,730 கிலோ. 534 மூட்டை.

பெரிய பெட்டி தன் எடையையே கூடச் சுமப்பதால் சாமானுக்கு விடும் எடை குறைகிறது. அந்த 534 மூட்டையை நாற்பது அடிக்குள் சமமாகப் பரப்பினால் இடுப்பு உயரம் கூட வராது, அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் காற்று, அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கப்பல் கூலி கட்டுகிறீர்கள். (புதிய நாற்பது அடிகளில் 32,500 கிலோ என்றும் எழுதியிருக்கும், அப்படி இருந்தாலும் இருபது அடியோடு கிட்டத்தட்டச் சமமாகத்தான் வரும்.) அத்தோடு கப்பல் தாங்கும் எடையை நம் வீதியும் பாலமும் தாங்க வேண்டும், லொறியின் அச்சு எடைக்குத் தனி எல்லை உண்டு, ஆகவே கதவில் எழுதிய எண் முழுவதும் எப்போதும் கைக்கு வராது.

மெத்தைக்கு இது அப்படியே தலைகீழ். ஆறேகால் அடி நீளம், ஐந்தடி அகலம், எட்டங்குலத் தடிப்பு உள்ள ஒரு மெத்தை சுமார் 0.59 கன மீற்றர். வெறும் வகுத்தல் கணக்கில் இருபது அடியில் 55, நாற்பது அடியில் 113, ஹைகியூப்பில் 128. எடை மூன்று நான்கு தொன்னைத் தாண்டாது. இங்கே எடை எல்லையைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை, உயரத்தில் கூடக் கிடைக்கும் அந்த ஓரடிக்காகத்தான் அடிபாடு.

ஆகவே வியாபாரிகள் கையாளும் விதி இதுதான்: தரை ஓடு, உப்பு, சீமெந்து, அரிசி, இரும்பு என்றால் இருபது அடி. உடுப்பு, தளபாடம், பிளாஸ்டிக் சாமான், மெத்தை என்றால் நாற்பது அல்லது ஹைகியூப். தரை ஓட்டை நாற்பது அடியில் கேட்டு எழுதும் ஒருவரைக் கண்டால் அவருக்கு இது முதல் இறக்குமதி என்று புரிந்துகொள்ளலாம்.

பலகைத் தட்டு, அதாவது பலட், இன்னொரு சிக்கல். பெட்டியின் உள் அகலம் 2.35 மீற்றர். 1.2 மீற்றர் பலட் இரண்டைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்தால் 2.40 வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் இடறுகிறது! ஆகவே ஒன்றை நீட்டும் மற்றதைக் குறுக்குமாக மாற்றி மாற்றி வைத்து, 1.2க்கு 1.0 மீற்றர் பலட்டில் இருபது அடிக்குள் பத்துத்தான் வைக்கிறார்கள். அதனால்தான் நம் பக்கத்துக்கு வரும் நிறையச் சாமான் பலட் இல்லாமல் தரையில் இருந்தே அடுக்கி வருகிறது, இறக்குவதற்குச் சுமை தூக்கும் நாட்டாமைமார் தேவைப்படுகிறார்கள்.

முழுப் பெட்டி எடுக்காதவர்களுக்கும் இதே இரட்டை எல்லைதான். கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பெட்டி போடுகிறவர்கள் பகிர்வுப் பெட்டியில், அதாவது எல்சிஎல் முறையில் அனுப்புகிறார்கள். அதில் கூலி சிபிஎம் கணக்கு, ஒரு சிபிஎம் என்றால் ஒரு கன மீற்றர். கப்பல் கூலியில் ஒரு கன மீற்றரும் ஆயிரம் கிலோவும் ஒரே படி, இரண்டில் எது கூடவோ அதற்குக் காசு. 60க்கு 60க்கு 70 சென்ரிமீற்றர் அட்டைப் பெட்டி ஒன்று 0.252 கன மீற்றர், நாலு பெட்டி சேர்ந்தால் ஒரு சிபிஎம். உள்ளே பால்மா இருந்தாலும் பஞ்சுத் தலையணை இருந்தாலும் பெட்டியின் வெளி அளவைத்தான் நாடா வைத்து அளப்பார்கள். பெட்டி வயிறு உப்பி இருந்தால் அந்த உப்பலுக்கும் காசு.

டிஇயூ என்றால் எத்தனை பெட்டி?

டிஇயூ என்பது பெட்டியின் எண்ணிக்கை இல்லை, இருபது அடிக்குச் சமமான இடம். ஓர் இருபது அடி ஒரு டிஇயூ, ஒரு நாற்பது அடி இரண்டு டிஇயூ. ஹைகியூப் உயரம் கூட என்றாலும் கணக்கில் இரண்டுதான்.

இப்போது எக்ஸ்பிரஸ் பேர்ள் புதிர் தீர்ந்துவிடும். 2,700 என்பது கப்பலில் உள்ள இடம், 1,486 என்பது பெட்டிகளின் எண்ணிக்கை, பெட்டிகளில் பெரும்பங்கு நாற்பது அடி என்றால் இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்படாது. அந்த 323 கொள்கலன் விவகாரத்திலும் எல்லாம் இருபது அடி என்றால் 323 டிஇயூ, சுமார் 10,700 கன மீற்றர் இடம். எல்லாம் ஹைகியூப் என்றால் 646 டிஇயூ, 24,500 கன மீற்றர். எண் ஒன்று, இடம் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அளவைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தலைப்பில் போடும் செய்தி பாதிச் செய்திதான்.

கொழும்புத் துறைமுகம் 2021இல் 70 இலட்சம் டிஇயூவுக்கு மேல் கையாண்டது என்பதைப் படிக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். அதில் மிகப் பெரும்பகுதி இலங்கைக்குள் வரவே இல்லை. ஒரு கப்பலில் இருந்து இறக்கி, முற்றத்தில் அடுக்கி, வேறு கப்பலில் ஏற்றி அனுப்பும் மாற்றுச் சரக்கு அது. அப்படிப்பட்ட ஒரு பெட்டி இறங்கும்போது ஒரு தடவையும் ஏறும்போது ஒரு தடவையும் எண்ணப்படுகிறது.

பெட்டி வகைகள்

சாதாரண மூடிய பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெளிவுத் தகட்டுச் சுவர், ஒட்டுப்பலகைத் தரை, ஒரு பக்கம் இரட்டைக் கதவு. அதில் கவனிக்க வேண்டியது வியர்வைதான். குளிர் நாட்டில் இருந்து வந்த பெட்டியும், பகலில் கொதித்து இரவில் குளிரும் பெட்டியும் உள்ளே ஈரத்தைக் கூரையில் தேக்கி, பிறகு சாமான் மேல் துளி துளியாகக் கொட்டும். ஓட்டை ஒன்றும் இல்லாத பெட்டிக்குள் வெங்காயச் சாக்கு நனைந்து கிடப்பது இதனால்தான். உள்ளே தொங்கும் ஈரமுறிஞ்சிப் பைகளை யாரோ மறந்துபோட்ட குப்பை என்று நினைத்து வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

குளிரூட்டிய பெட்டி, ரீஃபர், கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் மீன் ஊரில் இருக்கும் நாமே அதைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம்.

1. ரீஃபர் சாமானைக் குளிராக்கும் இயந்திரம் இல்லை, குளிர்ந்து வந்த சாமானின் குளிரைக் காக்கும் இயந்திரம். சூடாக ஏற்றிய மீன் உள்ளே போய் உறையும் என்று நம்பினால் நடுப்பெட்டி மீன் பழுதாகித்தான் வரும். உறைய வைப்பது கரையில் நடக்க வேண்டிய வேலை.
2. குளிர்காற்று மேலிருந்து வருவதில்லை. தரையில் நீளவாக்கில் ஆங்கில டி எழுத்து வடிவ அலுமினியச் சட்டங்கள் ஓடும், அவற்றுக்கு இடையால் காற்று போய் மேலே ஏறி, கூரை வழியாகத் திரும்பும். ஆகவே சுவரில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கக்கூடாது, தரைச் சட்டங்களை அட்டையால் மூடக்கூடாது.
3. வழக்கமான ரீஃபர் கிட்டத்தட்ட மைனஸ் 30 முதல் பிளஸ் 30 டிகிரி வரை பிடிக்கும். உறைந்த மீனுக்கு மைனஸ் 18, வாழைப்பழத்துக்கு பிளஸ் 13 அல்லது 14. பச்சையாகத் தின்னும் சூரை மீனுக்கென்று மைனஸ் 60 வரை போகும் தனிப் பெட்டிகளும் உண்டு. படிவத்தில் மைனஸ் குறியை விட்டுவிட்டு 18 என்று மட்டும் எழுதினால் இயந்திரம் உங்களைக் கேள்வி கேட்காது, சொன்னபடி பிளஸ் 18இல் வைத்திருக்கும்.
4. மின்சாரம் எங்கும் கூடவே வர வேண்டும். கப்பலில் சொக்கெட், முற்றத்தில் சொக்கெட், வீதியில் ட்ரெய்லரோடு பூட்டிய ஜெனரேட்டர்.

கொட்பே துறையில் இருந்து ஐஸ் போட்டுப் பேலியகொடைச் சந்தைக்கு ஓடும் மீன் லொறி இதில் எதுவும் இல்லை. அது வெப்பம் புகாத ஒரு கூடு, அவ்வளவுதான். இரண்டையும் கூலர் என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

மேல் திறந்த பெட்டிக்குக் கூரைக்குப் பதில் தார்ப்பாய். கதவால் நுழையாத இயந்திரத்தை மேலே இருந்து கிரேனால் இறக்க அது. தட்டைப் பெட்டி, ஃபிளட் ரக், இரண்டு முனைச் சுவர் மட்டும் உள்ள ஒரு மேடை. பக்கங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாமானுக்கு அது. நம் ஊர்ப் படகை வைத்துப் பார்த்தால் 18 அடி ஃபைபர் போட், இயந்திரத்தைக் கழற்றிவிட்டால், இருபது அடியின் 5.9 மீற்றர் உள் நீளத்துக்குள் அடங்கும். 23 அடிப் போட்டுக்கு நாற்பது வேண்டும். பல நாள் படகு எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது, அந்தக் கதையே வேறு.

தாங்கிப் பெட்டியைப் பவுசரோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பவுசரின் தாங்கி லொறியோடு ஒட்டியது. இதுவோ இருபது அடிச் சட்டத்துக்குள் உருளையாக ஒரு தாங்கி, கப்பலில் மற்றப் பெட்டிகளோடு சேர்ந்து அடுக்கப்படும். கொள்ளளவு வழக்கமாக 17,500 முதல் 26,000 லீற்றர். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத தாங்கியில் ஆபத்தான திரவம் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அல்லது ஐந்தில் நாலு பங்குக்கு மேலே தான் இருக்கலாம், நடுவில் இருக்கக்கூடாது என்பது விதி. அரைவாசி நிரம்பிய தாங்கி வளைவில் எப்படி ஆடும் என்று அரைக்குடம் சுமந்த யாரையும் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் போன்ற ஆபத்தில்லாத திரவத்துக்கு மலிவான வழி சாதாரண இருபது அடிக்குள் விரிக்கும் பெரிய ரப்பர்ப் பை மாதிரி ஒன்று, ஃபிளெக்சிடாங்க், 24,000 லீற்றர் வரை பிடிக்கும்.

கதவைப் படிப்பது

அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடை வாசலில் பெட்டி வந்து நிற்கிறது என்று வையுங்கள். வலது கதவைத்தான் முதலில் திறக்க முடியும், அது இடது கதவின் மேல் ஏறி நிற்கும், அதனால்தான் சீல் வலது கதவில். நாலு இரும்புக் கம்பிகள், கதவுக்கு இரண்டு. சீல் எண்ணைக் கடதாசியோடு ஒத்துப் பார்க்காமல் வெட்டுக் குறட்டை எடுக்கும் ஆளைத் தடுத்து நிறுத்துங்கள், வெட்டிய பிறகு எண் பிழை என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை.

கதவில் மேலே பதினொரு எழுத்தும் எண்ணும். முதல் மூன்று எழுத்து உரிமையாளர் குறி, நாலாவது பெரும்பாலும் யு, பிறகு ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்ட ஒற்றை இலக்கம். அந்த ஒற்றை இலக்கம் ஒரு சோதனை. பாடப் புத்தக உதாரணம்: சிஎஸ்கியூயு 305438, கடைசி இலக்கம் 3. எழுத்துகளுக்கு 10இல் தொடங்கி மதிப்பு உண்டு, 11இன் மடங்குகளை விட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கில் சி 13, எஸ் 30, கியூ 28, யு 32. பிறகு வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11ஆல் வகுத்தால் மிச்சம் 3, கட்டத்தில் உள்ளதும் 3. மிச்சம் 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். இணையத்தில் மலிவு விலைக்கு விற்கிறோம் என்று படம் அனுப்பும் பெட்டியின் எண் இந்தக் கணக்குக்கு வரவில்லை என்றால் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அல்லது ஆளே தப்பு.

அதன் கீழே நாலு குறிகளில் அளவும் வகையும். முதல் குறி நீளம் (2 என்றால் இருபது, 4 என்றால் நாற்பது, எல் என்றால் நாற்பத்தைந்து), இரண்டாவது உயரம் (2 சாதாரணம், 5 ஹைகியூப்), மூன்றாவது வகை. ஆக 22ஜி1 சாதாரண இருபது அடி, 45ஜி1 நாற்பது ஹைகியூப், 45ஆர்1 ஹைகியூப் ரீஃபர், 22யு1 மேல் திறந்த இருபது. வலது கதவில் மொத்த எடை எல்லை, வெறும் எடை, ஏற்றக்கூடிய எடை, கன அளவு என்று கிலோவிலும் இறாத்தலிலும் இருக்கும். 2016 ஜூலை 1 முதல் நிறுத்துப் பார்த்த மொத்த எடையை அறிவிக்காமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக்கூடாது, ஏனென்றால் அதுவரை பலர் வாய்க்கு வந்த எடையை எழுதி அடுக்குகள் சரிந்த அனுபவம் நிறைய.

திருகோணமலைக்கு ஏன் பெட்டிக் கப்பல் வருவதில்லை?

ஆழம் இருக்கிறது, காற்றுக்கும் அலைக்கும் மறைவு இருக்கிறது. ஆனால் பெட்டிக் கப்பலுக்கு ஆழம் பல நிபந்தனைகளில் ஒன்றுதான்.

1. பாதை. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பெருங்கப்பல் பாதை தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது. கொழும்புக்குள் திரும்ப அதிகம் வளைய வேண்டியதில்லை, திருகோணமலைக்கு என்றால் கிழக்குக் கரையோரம் மேலே ஏறி மறுபடி இறங்க வேண்டும்.
2. மேடையும் கிரேனும். 400 மீற்றர் நீளக் கப்பலுக்கு நேரான கப்பல் மேடை, அதில் தண்டவாளம், அதன் மேல் ஒரு மணிக்கு 25, 30 பெட்டி தூக்கும் கிரேன்கள் நாலைந்து வேண்டும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் செலவு.
3. தட்டை நிலம். இறங்கிய பெட்டிகளை அடுக்க விரிந்த முற்றம் வேண்டும். நம் உட்துறைமுகக் கரையின் அழகே குன்றும் வளைவும்தான், பெட்டி முற்றத்துக்கு அது இடைஞ்சல்.
4. திரும்பும் சரக்கு. இதைத்தான் பேச்சில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நிறைந்து வந்த பெட்டி நிறைந்து போனால்தான் கம்பனிக்கு இலாபம். கிழக்கில் பெட்டியில் போகக்கூடிய ஏற்றுமதி போதுமான அளவு இல்லை என்றால் வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில்தான் விழும்.

இதற்காக நம் துறைமுகம் சும்மா கிடக்கிறது என்று சொன்னால் அது தவறு. சீனக்குடாப் பிரிமா ஆலைக்கு வரும் கோதுமை, சீமெந்து ஆலைக்கு வரும் கிளிங்கர், எண்ணெய், இவை எல்லாம் பெட்டியே தேவைப்படாத மொத்தச் சரக்கு. 50,000 தொன் கோதுமை ஏற்றிய ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால், அதை இருபது அடிப் பெட்டிகளில் 28 தொன் வீதம் போட ஏறக்குறைய 1,785 பெட்டி வேண்டும், அவ்வளவையும் மூடித் திறந்து தூக்கி இறக்க வேண்டும். அதையே கப்பல் வயிற்றில் கொட்டி வந்து உறிஞ்சி எடுத்தால் பெட்டிச் செலவே இல்லை. புல்மோட்டைக் கனிய மணலும் இந்த இனம்தான், எடை கூட, இடம் குறைவு. துறைமுக அதிகார சபையும் திருகோணமலையை மொத்தச் சரக்குக்கும் துறைமுகம் சார்ந்த கைத்தொழிலுக்கும் உரிய இடமாகத்தான் திட்டத்தில் வைத்திருக்கிறது. கொழும்பைப் போல இங்கும் பெட்டி வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், எந்தச் சாமான் எந்தப் பெட்டியில் திரும்பிப் போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அதுவரை திருகோணமலைக் கடைக்கு வரும் பெட்டி கொழும்பில் இறங்கி, ஹபரணை, கந்தளாய் வழியாக வீதியில்தான் வரும். ஹைகியூப் என்றால் பெட்டியே 2.9 மீற்றர், கீழே ட்ரெய்லர் உயரத்தையும் சேர்த்தால் நாலு மீற்றரைத் தாண்டும். நகருக்குள் குறுக்கே தொங்கும் கேபிள்களைக் கம்பால் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பழைய பெட்டி வாங்கிக் கடை போடுகிறவர்களுக்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இப்போது பெட்டிக் கடைகளும் அலுவலகங்களும் முளைக்கின்றன. வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது பெட்டியின் பலம் எங்கே இருக்கிறது என்பது.

மேலே ஏறும் பாரம் முழுவதும் நாலு மூலைத் தூண்களில் இறங்குகிறது. கதவில் உள்ள பாதுகாப்புத் தகட்டில் அடுக்குப் பாரம் 192,000 கிலோ என்று எழுதியிருப்பது அந்தத் தூண்களை நம்பித்தான், கூரையை நம்பி இல்லை. கூரைத் தகட்டின் சோதனைப் பாரம் வெறும் 300 கிலோ. ஆகவே கூரையில் தண்ணீர்த் தாங்கி வைக்க ஆசைப்பட்டால் மூலைகளில் நிற்கும்படி இரும்புச் சட்டம் போட்டு அதன் மேல் வையுங்கள். நெளிவுச் சுவர் பெட்டி பக்கவாட்டில் சரியாமல் பிடிக்கிறது, அதில் கண்ணாடிக்காக அகலமாக வெட்டினால் வெட்டிய விளிம்பைச் சுற்றி சட்டம் பற்றவைக்க வேண்டும். உயரம் முக்கியம் என்றால் ஹைகியூப்பே எடுங்கள், மேலே வெப்பத்தடுப்பும் சீலிங்கும் போட்ட பிறகு சாதாரணப் பெட்டியில் மின்விசிறி தலையில் தட்டும். தரைப்பலகை பூச்சி மருந்தில் ஊறியது, சாப்பாட்டுக் கடை என்றால் அதை மூடியோ மாற்றியோ விடுவது நல்லது.

இறக்கும் நாளில் வெறும் இருபது அடிக்கு ஒரு பூம் ட்ரக் போதும், நாற்பதுக்கு ட்ரெய்லர் திரும்ப ஒழுங்கையில் இடம் இருக்கிறதா என்று முதலே அளந்துவிடுங்கள். மணலில் நேரடியாக வைக்காமல் நாலு மூலைக்கும் கொங்கிறீற் கட்டை கொடுங்கள். வைத்த பிறகு கதவு இறுகி மூட மறுத்தால் பழைய பெட்டி, கதவு வளைந்துவிட்டது என்று சுத்தியலைத் தூக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு மூலை தாழ்ந்து பெட்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். மட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலையின் கீழ் ஓர் இரும்புத் தகடு செருகினால் கதவு தானாக மூடும்.